புதுப்பித்தலின் அறம்

பழையதைப் பேணுக என்பதும், காலத்திற்கேற்ப மாறுக என்பதும் பள்ளியிலும் மேடையிலும் நாள்தோறும் ஒலிக்கும் இரண்டு அறிவுரைகள். அவை தனித்தனியே நிற்கும்வரை ஒன்றையொன்று பகைப்பதில்லை. ஒரே பொருளின்மீது இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முற்படும்போதுதான் அவற்றிடையே உள்ள முரண் வெளிப்படுகிறது. மொழி, சமயம், குடும்ப மரபு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராயப் புகுந்தால் உணர்ச்சி முந்திக்கொள்ளும், அறிவு பின்தங்கும். ஆதலின், உணர்ச்சி அத்துணை எளிதில் கிளர்ந்தெழாத ஓர் இரும்புப் பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வது நலம். பழைய கார் ஒன்றைப் புதுப்பித்து மேம்படுத்துவதில் எது முறை, எது முறையன்று என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

இவ்வினா சிங்கப்பூரில் எழும்போது தனிக் கூர்மை பெறுகிறது. நிலம் குறைந்த இந்நாட்டில் வண்டிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த 1990ஆம் ஆண்டு மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கார் வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. பத்தாண்டு நிறைந்தபின் மேலும் கட்டணம் செலுத்திச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். இல்லையேல் பதிவு நீங்கும். இதனால் பிற நாடுகளில் நடுவயது எனக் கருதப்படும் வண்டி இங்கு முதுமை எய்திவிடுகிறது. நன்கு ஓடும் வண்டியும் உடைப்பதற்கோ கப்பலேற்றி அனுப்புவதற்கோ உரியதாகிறது. இத்தகைய நாட்டில், 35 ஆண்டு நிறைந்த கார்களைப் பேணுவோர்க்கென நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு தனித் திட்டத்தை வைத்திருக்கிறது. அதில் சேர்ந்த வண்டி ஆண்டு முழுவதும் சாலையில் ஓடுவதற்கில்லை. அடிப்படை அனுமதி ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே. ஏனைய நாள்களில் அது கொட்டகையில் உறங்கும். அவ்வாறு உறங்கும் ஒன்றுக்காகப் பொருளையும் உழைப்பையும் செலவிடுவோர் எதைக் காப்பாற்றுகின்றனர்?

அமெரிக்காவில் 1960களில் தோன்றி, ‘மசில் கார்’ எனப் பெயர் பெற்ற வண்டி வகை இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. நடுத்தர அளவுள்ள காரின் உடலில் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவதே அதன் அடிப்படை. 1964இல் பான்டியாக் நிறுவனத்தின் ஜி.டி.ஓ. வண்டியில் 389 கன அங்குலம், ஏறத்தாழ 6.4 லிட்டர், கொள்ளளவுள்ள எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகம் செய்தது. ஃபால்கன் என்னும் எளிய குடும்பக் காரின் அடித்தளத்திலிருந்து உருவான அவ்வண்டி, இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. வேகமும் அழகும் நடுத்தர மக்களின் கைக்கெட்டும் விலையில் கிடைத்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். ஆயின், 1970இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், காப்பீட்டுக் கட்டண உயர்வும் சேர்ந்து அவ்வகை வண்டிகளை விரைவில் ஒடுக்கின. எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொணர்வது இன்று உலகின் பல நாடுகளில் ஒரு கலையாகவும் ஒரு வாணிகமாகவும் வளர்ந்துள்ளது.

பட்டறையில் எழும் வினாக்கள்

1966இல் செய்யப்பட்ட அத்தகைய வண்டியொன்று சிங்கப்பூரில் உள்ள ஒரு பட்டறைக்கு வருகிறது என்று கொள்ளலாம். கடற்காற்றும் ஈரமும் நிறைந்த இவ்வூரில் நெடுநாள் கிடந்த இரும்பு என்னாகும் என்பது யாவரும் அறிந்ததே. தரைத்தகடு துருவேறிச் சல்லடையாகியிருக்கும். கதவுகளின் அடிவிளிம்பு உதிரும். கண்ணாடியைச் சுற்றிய இரப்பர் பொடியும். மின்கம்பிகளின் மேலுறை வெடித்திருக்கும். தேர்ந்த தொழிலாளி உடனே பழுதுபார்க்கத் தொடங்குவதில்லை. முதலில் முழுவதையும் கழற்றி, ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டு, வரிசையாக அடுக்குகிறார். அதன்பின் அவர் கையிலெடுக்கும் ஒவ்வொரு திருகும் ஒரு வினாவாகிறது: இதனைத் துடைத்து மீண்டும் பொருத்துவதா? இதே போன்ற புதிய ஒன்றைப் பொருத்துவதா? இதைவிடச் சிறந்த ஒன்றைப் பொருத்துவதா?

சில மாற்றங்களைத் தவிர்க்கவே முடியாது. அக்கால எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்கெனச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வு வந்து அமரும் இருக்கையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே உலக நாடுகள் அதனை ஒவ்வொன்றாக விலக்கின; சிங்கப்பூரில் 1998இல் ஈய பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. இன்று அவ்வெஞ்சினை நெடுநாள் ஓட்ட விரும்புவோர் கடினமாக்கப்பட்ட உலோகத்தாலான இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளவேண்டும். வண்டி மாறாவிடினும், அது குடித்துவந்த எரிபொருளே உலகிலிருந்து மறைந்துவிட்டது. எதையும் மாற்றாமல் காப்பேன் என்னும் உறுதிமொழி தொடக்கத்திலேயே தளர்ந்துபோகிறது. மாற்றம் வேண்டுமா என்று கேட்பதை விடுத்து, எத்தகைய மாற்றம், எதன்பொருட்டு என்று கேட்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

கப்பலும் தேரும்

உறுப்புகள் மாறிய பின்னும் பொருள் அதுவேதானா என்னும் ஐயம் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் புளூட்டார்க், தீசியஸ் என்னும் வீரனின் வரலாற்றை எழுதுகையில், அவன் பயணம் செய்த கப்பலை ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் பாதுகாத்ததைக் குறிப்பிடுகிறார். பலகை உளுத்தபோதெல்லாம் அதனை நீக்கிப் புதுப்பலகை பொருத்தினர். அக்கப்பல் பழைய கப்பலே என ஒரு சாராரும், அன்று என மற்றொரு சாராரும் வாதிட்டனராம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ் இச்சிக்கலை மேலும் இறுக்கினார். நீக்கிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக்கொண்டே மீண்டும் ஒரு கப்பல் கட்டினால், இரண்டனுள் எது தீசியசின் கப்பல் என்று வினவினார்.

இந்திய மண்ணிலும் இவ்வினா எழுந்தது. இங்கு அது கப்பலை விடுத்துத் தேரைப் பற்றி எழுந்தது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி மொழி நூலில், நாகசேனர் என்னும் துறவி மிலிந்தன் என்னும் கிரேக்க மரபு மன்னனை நோக்கி, அவன் ஏறிவந்த தேர் எது என்று கேட்கிறார். அச்சுதான் தேரோ, சக்கரந்தான் தேரோ, நுகந்தான் தேரோ என ஒவ்வொன்றாக வினவ, மன்னன் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். உறுப்புகள் அனைத்தும் ஒருங்கே அமைந்தவிடத்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு வருகிறான்.

இவ்விரு கதைகளும் அறிவைத் தீட்ட உதவுவன. ஆயினும் பட்டறையில் நிற்பவர்க்கு இவை வழிகாட்டுவதில்லை. நூற்றுக்கு ஐம்பது உறுப்புகள் மாறலாம், ஐம்பத்தொன்றாவது மாறலாகாது என்று எவரும் வரையறுக்க இயலாது. அவ்வாறு எண்ணிக் கணக்கிடுவோர், மணற்குவியலில் எத்தனையாவது மணல் வீழ்ந்தபோது குவியல் உண்டாயிற்று என்று தேடுவோரைப் போல்வர். வினாவையே மாற்றிக்கொள்வது நன்று. இது பழைய பொருளேதானா என்பதைவிட, இதனைத் தொடுபவர் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே பயனுள்ள வினா. அது மெய்யியல் வினா என்னும் நிலையிலிருந்து அறவியல் வினாவாகிவிடுகிறது.

அக்கடமை மூவரை நோக்கியது. முதலாமவர், வண்டியை உருவாக்கிய பழந்தொழிலாளர். அவருள் பெரும்பாலோர் இன்று இல்லை. இரண்டாமவர், வண்டியை நாளை பெறப்போகிறவர். அவர் இன்னும் வரவில்லை. மூன்றாமவர், வண்டி ஓடும் சாலையைக் கடக்கும் அயலார். அவர் வண்டியின் பழைமையைப் பற்றி எதுவும் அறியார். இம்மூவரும் பட்டறைக்கு வந்து தம் வழக்கை எடுத்துரைக்க இயலாதவர்கள். நான்காமவராகிய உரிமையாளர் மட்டுமே அங்கு நிற்கிறார். பணம் தருபவரும் அவரே. ஆகவே அவர் குரல் ஒன்றே கேட்கிறது. கேளாத மூன்று குரல்களைக் கேட்பதே புதுப்பித்தலின் அறம்.

அயலார் உயிர்

முதலில் அயலாரை எடுத்துக்கொள்ளலாம். 1960களின் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகளே அமைந்திருந்தன. சுழலும் உருளையின் உட்புறத்தில் பிரேக் கட்டைகள் அழுந்தி வண்டியை நிறுத்துவது அவ்வமைப்பு. அடுத்தடுத்து அழுத்தும்போது உருளை சூடேறி விரியும், பிடி தளரும். டிஸ்க் பிரேக்கிலோ தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் வெப்பம் விரைந்து நீங்கும். இன்னொரு குறையும் உண்டு. மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் செலுத்தும் தலைமை உருளை அக்கால வண்டிகள் பலவற்றில் ஒரே அறையைக் கொண்டிருந்தது. ஒரு சக்கரத்தின் குழாயில் கசிவு ஏற்பட்டாலும் நான்கு சக்கரங்களும் பிடியிழக்கும். 1960களின் பிற்பகுதியில்தான் அமெரிக்கக் கார்களில் இரண்டு தனிச் சுற்றுகளைக் கொண்ட அமைப்பு பொதுவாயிற்று.

இக்குறைகளை அக்காலத்தாரே கண்டித்தனர். வழக்கறிஞர் ரால்ஃப் நாடர், அமெரிக்கக் கார்கள் எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றவை என்னும் கருத்தைத் தலைப்பாகவே கொண்ட நூலை 1965இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அந்நாட்டில் வண்டிப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் பிறந்தது. அன்றே குறை எனக் கண்டு திருத்தப்பட்ட ஒன்றை, இன்று பழைமை என்னும் பெயரால் போற்றுவது பொருந்துமா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையைக் கண்டவர்க்கு இவ்வினாவின் கனம் விளங்கும். வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளர் தேக்காவை நோக்கித் திரளுகின்றனர். காய்கறிப் பைகளோடு தாய்மார் சாலையைக் கடக்கின்றனர். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் குழந்தைகள் பெற்றோரின் கையைப் பற்றி நிற்கின்றனர். அவ்வழியே வரும் ஓர் அழகிய பழைய வண்டியின் பிரேக் அன்றைக்குப் பிடியிழந்தால், ‘இது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள பிரேக்’ என்னும் விளக்கம் யாருக்கு ஆறுதல் தரும்? உரிமையாளர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அயலாரின் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு உரிமையே இல்லை. ஆதலின் பிரேக்கை மாற்றுவதும், இருக்கைப் பட்டை பொருத்துவதும், வெடித்த மின்கம்பியை நீக்குவதும் பழைமைக்குச் செய்யும் துரோகம் அல்ல. அவை சாலையில் இறங்குவதற்குச் செலுத்தும் கடன்.

‘எதையும் மாற்றாமல் காட்சிக்கு மட்டும் வைத்தால் என்ன?’ என்று கேட்கலாம். அதுவும் நேர்மையான வழியே. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய கோவை ஜி. டி. நாயுடுவின் நினைவைத் தாங்கி, அந்நகரில் ஒரு கார் அருங்காட்சியகம் 2015 முதல் இயங்கிவருகிறது. அங்கு நிற்கும் வண்டி ஒரு சாட்சி. சாட்சியை எவரும் திருத்தலாகாது. சாலையில் ஓடும் வண்டியோ பிறரோடு வழியைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பயணி. பயணி சாலையின் ஒழுங்குக்கு உட்பட்டாகவேண்டும். தம் வண்டி சாட்சியா பயணியா என்பதை உரிமையாளர் முதலில் தெளிந்துகொள்வது நன்று. சாட்சிக்குரிய பெருமையையும் பயணிக்குரிய இன்பத்தையும் ஒருங்கே பெற விரும்பும் ஆசையிலிருந்தே தவறுகள் தோன்றுகின்றன.

வசதியும் தன்முனைப்பும்

அயலார் உயிருக்காக மாற்றலாம் எனின், சொந்த வசதிக்காகவும் மாற்றலாமே என்பது அடுத்து எழும் வாதம். குளிரூட்டி, அகன்ற புதுச்சக்கரம், மும்மடங்கு ஆற்றலுள்ள எஞ்சின், தெருவே திரும்பிப் பார்க்கும் ஒலி ஆகியவற்றைப் பொருத்துவோர் இவ்வாறே வாதிடுவர். இங்கே தராசு மறுபுறம் சாய்கிறது. வண்டியின் கனமான திருப்புசக்கரமும், வெப்பம் நிறைந்த உள்ளறையும், சற்றே பொறுமை வேண்டும் கியர் மாற்றமும் அக்கால மனிதர் எவ்வாறு பயணம் செய்தனர் என்பதை உடலுக்கு உணர்த்துவன. நூலில் படித்து அறியமுடியாத வரலாறு அது. அவ்வளவையும் அகற்றிவிட்டு வெளித்தோலை மட்டும் வைத்துக்கொள்பவர், தாய்மொழியை உயிரென்று மேடையில் முழங்கி, வீட்டில் அதில் ஒரு சொல்லும் பேசாதவரைப் போன்றவர்.

‘என் பொருள், என் உரிமை’ என்பது சட்டப்படி சரியே. அறத்தின்படியும் அது முற்றிலும் தவறன்று. பத்து இலட்சத்துள் ஒன்றாகப் பிறந்த வண்டியை ஒருவர் தம் விருப்பம்போல் மாற்றினால் உலகம் பெரிதாக எதையும் இழந்துவிடாது. ஆனால் அவ்வகையில் எஞ்சியவை சிலவே என்னும் நிலையில், உரிமையின் அளவு சுருங்கிக் கடமையின் அளவு விரிகிறது. ஒரு பொருள் அரிதாக ஆக, அதன் உரிமையாளர் காப்பாளர் ஆகிறார். நூலகத்தில் ஆயிரம் படிகள் உள்ள நூலின் ஓரத்தில் எழுதுவது சிறு பிழை. ஒன்றே எஞ்சிய ஏட்டில் எழுதுவது பெரும்பிழை.

பழுதை மறைக்கும் பழுது

அடுத்தவர், நாளை அவ்வண்டியைப் பெறப்போகிறவர். அவருக்குச் செய்யவேண்டிய கடமை உண்மை. துருவேறிய தகட்டை வெட்டி நீக்கிப் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பது உழைப்பு மிகுந்த வேலை. அதனைச் செய்யாமல், துளையின்மேல் மாவு போன்ற பூச்சை அப்பித் தேய்த்து, மேலே பளபளக்கும் வண்ணம் தீட்டிவிடுவது எளிது. சில திங்கள் வரை எவர் கண்ணுக்கும் தெரியாது. உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். வேறு எஞ்சினைப் பொருத்திவிட்டு அதன்மேல் பழைய எண்ணைப் பொறித்து, வண்டியோடு பிறந்த எஞ்சின் இதுவே என்று கூறி விற்பது இன்னும் கொடியது. நீக்கிய பழம்பலகைகளைக்கொண்டு இரண்டாம் கப்பல் கட்டலாமே என்று ஹாப்ஸ் எழுப்பிய அறிவு விளையாட்டு, வாணிகத்தில் வஞ்சகமாக மாறுவது இவ்வாறுதான்.

உண்மைக்கு உலகம் மதிப்பளிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங் கார், 2020ஆம் ஆண்டு சனவரியில் ஏலத்திற்கு வந்தது. அதன் வண்ணம் மங்கியிருந்தது. உடலில் வடுக்கள் இருந்தன. புத்தம்புதிதாக்கும் வேலை எதுவும் அதற்குச் செய்யப்படவில்லை. முப்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அவ்விலைக்குத் திரைப்படத்தின் புகழே முதற்காரணம் என்பது உண்மை. ஆயினும் அவ்வடுக்களை எவரும் குறையாகக் கருதவில்லை. அவையே அவ்வண்டியின் வாழ்க்கைக் குறிப்பாக மதிக்கப்பட்டன.

தமிழாசிரியர்க்கு இக்கருத்து புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது எதிர்கொண்டதும் இதே வினாதான். செல்லரித்த ஏடுகளில் எழுத்துகள் சிதைந்திருந்தன, அடிகள் மறைந்திருந்தன. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. செய்யுள் இயற்றும் ஆற்றல் நிறைந்த அவ்வறிஞர் நினைத்திருந்தால், இடைவெளிகளை எவரும் ஐயுறாதவாறு நிரப்பியிருக்க இயலும். அவர் அவ்வாறு செய்யவில்லை. இல்லாததை இல்லையென்றே காட்டினார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைக் குறித்துவைத்தார். அவ்விடைவெளிகளே ஏனைய வரிகளின் மெய்ம்மைக்குப் பிணை நிற்கின்றன. நிரப்பாத ஓர் இடம் நிரம்பிய நூறு இடங்களை நம்பத்தகுந்தவை ஆக்குகிறது.

மேலைநாட்டாரும் இம்முடிவுக்கே வந்தனர். மஸ்டாங் பிறந்த அதே 1964இல், பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கான நெறிகளைத் தொகுத்து வெனிஸ் நகரில் ஒரு சாசனம் உருவாயிற்று. சான்று தீர்ந்து ஊகம் புகும் எல்லையைத் தாண்டலாகாது என்பது அதன் உட்பொருள்களுள் ஒன்று. அதனைப் பின்பற்றி, பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2013இல் டூரின் சாசனத்தை வெளியிட்டது. மாற்றங்களை அடையாளம் காணத்தக்கவாறு செய்தல், செய்த வேலைகளை எழுதிவைத்தல் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

கோயிலும் கடைவீதியும்

புதுப்பித்தலைத் தமிழர் தம் வாழ்விலேயே கண்டு பழகியவர்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய அமைப்பாகத் தொடங்கியது. 1843இல் செங்கற் கட்டடமாயிற்று. 1903இல் எழுந்த கோபுரத்தின் இடத்தில் 1925இல் இன்றைய கோபுரம் உயர்ந்தது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோயிலுக்கு 2023ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் குடமுழுக்கு நடந்தது. முதலிலிருந்த மரத்தூணில் ஒன்றேனும் இன்று இல்லை. எனினும் அது வேறு கோயில் என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனில், எதற்காக அது எழுப்பப்பட்டதோ அவ்வழிபாடு இடையறாது தொடர்கிறது. மாற்றங்கள் ஊரறிய நிகழ்ந்தன. மரபறிந்த சிற்பியர் அவற்றைச் செய்தனர். நோக்கத் தொடர்ச்சி, வெளிப்படை, கைத்திறன் ஆகிய மூன்றும் கூடியவிடத்து மாற்றம் அழிவாவதில்லை.

தேக்காவின் கடைவீடுகள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. லிட்டில் இந்தியா வட்டாரம் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்புகள் காக்கப்பட்டன, உள்ளே தொழில்கள் மாறின. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லத்தைப் பல வண்ணக் கதவுகளோடு இன்று சுற்றுப்பயணிகள் படமெடுக்கின்றனர். அவ்வண்ணக் கோலம் பிற்காலத்துப் பூச்சு, கட்டியவர் கண்டதன்று. கட்டடம் பிழைத்தது நன்மையே. ஆயினும் காண்போர் அவ்வண்ணங்களையே பழைமை என்று கருதி மீள்வாராயின், காப்பாற்றப்பட்ட கட்டடமே ஒரு பிழையைக் கற்பிக்கிறது. ஒரு சிறு விளக்கப் பலகை அப்பிழையைத் தடுத்துவிடும்.

கார்களோடு நேரடித் தொடர்புடைய ஒரு கட்டடமும் சிங்கப்பூரில் உண்டு. அப்பர் புக்கிட் தீமா சாலையில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலை, தென்கிழக்காசியாவில் அந்நிறுவனத்தின் முதல் கார் பொருத்தும் ஆலை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். 1980இல் ஆலை மூடப்பட்டது. 2006இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2017இல் அங்குள்ள காட்சிக்கூடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது, ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் இந்நாட்டுக்கு இட்ட ‘சியோனான்’ என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அக்கொடுமையைத் தாங்கிய குடும்பங்கள் மனம் வருந்தின. சில நாள்களிலேயே பெயர் மாற்றப்பட்டது. சுவரைச் செப்பனிடுவது கொத்தரின் வேலை. எப்பெயரால் அதை அழைப்பது என்பது மனச்சான்றின் வேலை. புதுப்பிக்கப்பட்ட பொருள் எதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்கும் புதுப்பித்தவர் பொறுப்பாளி என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மின்விசை என்னும் சோதனை

இதுவரை கூறியவற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு கடினமான வழக்கு உண்டு. பழைய வண்டியின் எஞ்சினையே அகற்றிவிட்டு மின்மோட்டாரையும் மின்கலத்தையும் பொருத்தும் வழக்கம் இன்று பரவிவருகிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி தம் திருமணநாளில் ஓட்டிச்சென்ற ஜாகுவார் கார், 1968இல் செய்யப்பட்டு மின்வண்டியாக மாற்றப்பட்டதே. சிங்கப்பூரும் 2040க்குள் எல்லா வண்டிகளும் தூய எரியாற்றலில் ஓடவேண்டும் என்னும் இலக்கை மேற்கொண்டுள்ளது. மறுபுறம், பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு, அவ்வாறு மாற்றப்பட்டதை வரலாற்று வண்டியாக ஏற்பதற்கில்லை என 2019இல் அறிவித்தது. அயலார் நலமே முதன்மை எனின், அயலார் சுவாசிக்கும் காற்றும் அதனுள் அடங்காதோ? எஞ்சினை நீக்குவதே அறம் ஆகாதோ?

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், தீங்கின் அளவையும் மருந்தின் அளவையும் ஒப்பிட்டுக் காண்பதே அறிவுடைமை. பிடியிழந்த பிரேக் ஒரே நொடியில் ஓர் உயிரைப் பறிக்கும். அதற்குப் பிரேக்கை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. ஆண்டில் சில நாள்களே ஓடும் வண்டியின் புகை தீங்குடையதே எனினும் அளவிற் சிறியது. ஓட்டத்தைக் குறைத்தும் எஞ்சினைச் சீராக வைத்தும் அதனை மேலும் குறைக்கலாம். தீங்கைத் தடுக்கப் போதுமான மிகச்சிறு மாற்றம் எதுவோ, அதுவே முறையான மாற்றம். மசில் காருக்கு எஞ்சினே உயிர்நிலை. அதனை நீக்கியபின் எஞ்சுவது அழகிய உடல் மட்டுமே. நாள்தோறும் ஓட்ட விரும்புவோர்க்கு மின்மாற்றம் பொருந்தலாம். அங்ஙனம் செய்வோர் பழைய எஞ்சினை அழிக்காது வைத்து, மீண்டும் பொருத்தத்தக்கவாறு வேலையை அமைத்து, வண்டியை அதன் புதிய பெயராலேயே அழைப்பாராயின், அதிலும் அறம் குறைவதில்லை.

இதுவரை ஆராய்ந்தவற்றால் ஒரு நெறி புலப்படுகிறது. பழைமைக்குக் காட்டும் உண்மையும் அயலாரின் உயிரும் எதிரெதிரே நிற்குமாயின், அயலாரின் உயிரே வெல்லவேண்டும். பழைமைக்குக் காட்டும் உண்மையும் சொந்த வசதியும் எதிரெதிரே நிற்குமாயின், பழைமையே வெல்லவேண்டும். எந்நிலையிலும் செய்த மாற்றத்தை மறைத்தல் ஆகாது. காருக்கு மட்டும் உரிய நெறியன்று இது. பாடத்திட்டத்தைத் திருத்தும் ஆசிரியரும், மரபுச் சடங்கைச் சுருக்கும் குடும்பத்தாரும், மொழியில் புதுச்சொல் ஆக்குவோரும் இதே தராசில் தம் செயலை நிறுத்துப் பார்க்கலாம். இம்மாற்றம் யாரைக் காக்கிறது, யாருடைய சோம்பலுக்கு இடங்கொடுக்கிறது, இதனை வெளிப்படையாகச் சொல்ல முடியுமா என்னும் மூன்று வினாக்கள் போதும்.

நேர்மையான பட்டறையில் வேலை முடிந்தபின் வண்டியோடு இரண்டு பொருள்கள் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். ஒன்று, கழற்றிய டிரம் பிரேக்குகளைத் துடைத்து எண்ணெயிட்டுப் பெயர்ச்சீட்டோடு வைத்த பெட்டி. மற்றொன்று, எந்த நாளில் எந்த உறுப்பு எக்காரணத்தால் மாற்றப்பட்டது என்று எழுதிய குறிப்பேடு. அடுத்துப் பெறுபவர் அக்குறிப்பேட்டைப் படித்து, முன்னவர் செய்தது தவறென்று கருதினால், பெட்டியைத் திறந்து மீண்டும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். தம் முடிவும் தவறாகலாம் என்று உணர்ந்து, பின்வருவோர்க்குத் திருத்தும் வழியைத் திறந்துவைப்பதே காப்பாளரின் அடக்கம். முன்னோர் பொருளைக் கையில் ஏற்கும் ஒவ்வொருவரும் வைத்துச் செல்லவேண்டியவை அந்தப் பெட்டியும் குறிப்பேடுமே.